அனஸ்தேசியா அமெரிக்காவில் வாழ்ந்தாரா?

ரஷ்ய ஜார் இரண்டாம் நிக்கோலஸின் கடைசி மகள் அனஸ்தேசியா, குடும்பமே கொல்லப்பட்ட 1918 படுகொலையில் தப்பி, அன்னா ஆண்டர்சன் என்ற பெயரில் அமெரிக்காவில் வாழ்ந்து 1984-இல் இறந்தார் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறான தகவல்.

அன்னா ஆண்டர்சன் என்றொரு பெண் இருந்தது நிஜம். 1920-இல் பெர்லின் கால்வாயில் குதித்து, காப்பாற்றப்பட்டவர். தானே அனஸ்தேசியா என்ற அவர் கோரிக்கையை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று 1970-இல் ஜெர்மன் நீதிமன்றமே கைவிரித்தது. இறந்ததும் உடலை எரித்துவிட்டார்கள். ஆனால் அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த அவரது குடல் துணுக்கு வர்ஜீனியா மருத்துவமனை ஒன்றில் மெழுகில் பதித்தபடி இருந்தது. 1994-இல் அதன் டிஎன்ஏ, ஜார் குடும்பத்தோடு பொருந்தவில்லை. பிரான்சிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்கா என்ற போலந்துத் தொழிற்சாலைப் பெண்ணின் உறவினரோடு பொருந்தியது.

சரி, அனஸ்தேசியா? படுகொலை நடந்த ரஷ்ய நகரம் யெகாடெரின்பர்க் அருகே 1991-இல் தோண்டிய குழியில் ஜாரின் இரண்டு பிள்ளைகளின் எலும்புகள் இல்லை. வதந்திக்குத் தீனி போட்டது அதுதான். அந்த இருவரும், ஒரு மகனும் ஒரு மகளும், 2007-இல் சற்றுத் தள்ளிக் கிடைத்தார்கள். கடைசியாகக் கிடைத்த பெண் மரியாவா அனஸ்தேசியாவா என்பதில்தான் கருத்து வேறுபாடு. நான்கு மகள்களும் இறந்தார்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. டிஎன்ஏ முடிவுகள் 2009-இல் 'பிளோஸ் ஒன்' ஆய்விதழில் வந்தன. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கு வேண்டுமானால் இதை அனுப்புங்கள்.