சில்லு வைத்த கேத்தல்

அந்த நாற்பது விநாடி வீடியோவை எனக்கு இதுவரை பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் இருவர் என் சொந்த மருமக்கள். போதும். நான் அங்கே இருந்தவன், எனக்கே அனுப்பத் தேவையில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நான் திரும்ப விவரிக்கப் போவதில்லை, எல்லோரும் பார்த்தாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நீராவி எஞ்சின் இழுக்கும் ஒரு கோச்சி விடலாமே என்று எழுந்து சொன்னேன். மேடையில் இருந்த பெரியவர் (வயதில் என்னைவிடப் பதினைந்து ஆண்டாவது இளைய பெரியவர்) ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, "ஐயாவுக்குச் சில்லு வைத்த கேத்தலில் தேத்தண்ணீர் குடிக்க ஆசை" என்றார். மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் இருந்து ஒருவர், பழைய இரும்புக்கு இப்போது நல்ல விலை என்றார். மண்டபம் மறுபடியும் சிரித்தது. வீடியோ அங்கே முடிகிறது. அதற்குப் பிறகு நான் பேசியது எதுவும் அதில் இல்லை.

சிரித்ததற்காக நான் இதை எழுதவில்லை. சிரிப்பு வருகிற இடத்தில் சிரிக்கத்தான் வேண்டும். நான் சொன்ன விடயம் என்ன என்று ஒருவராவது கேட்டாரா என்பதுதான் என் கேள்வி. கேட்காதவர்களுக்காக ஒரே வரியில் மறுபடியும் சொல்கிறேன்: எஞ்சின் என்றால் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அது இரும்பு.

"பாரம்பரியம் வேண்டுமென்றால் அருங்காட்சியகம் இருக்கிறதே" என்று வீடியோவின் கீழே எழுதியவர்களுக்கு: ஆம், இருக்கிறது. கடுகண்ணாவையில் 2014இல் திறந்தார்கள். நான் போயிருக்கிறேன், நீங்களும் போய்ப் பாருங்கள். நன்றாகவே வைத்திருக்கிறார்கள், பெயின்ட் பளபளக்கிறது. ஆனால் எஞ்சினின் நெருப்புப் பெட்டி வாயில் கை வைத்தால் குளிர்கிறது. ஒரு பையன் தகப்பனிடம் "இது எப்படி ஓடும்?" என்று கேட்டான். தகப்பன் பலகையில் இருந்ததை வாசித்துக் காட்டினார். பையன் கன்ரீன் எங்கே என்று கேட்டான். பையனில் பிழை இல்லை.

எங்கள் நாட்டில் இன்றும் அரச தமிழில் ரயிலுக்குப் பெயர் புகையிரதம். நிலையப் பலகையில் புகையிரதம், அறிவிப்பில் புகையிரதம். அந்தப் புகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் கேத்தல்!

கொழும்பில் இருந்து வடக்கே வரும் யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. நானும் அதே ஆண்டு பிறந்தவன். யாழ்தேவி டீசலில் ஓடிய வண்டி. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கனடாவில் இருந்து டீசல் எஞ்சின்கள் வந்து இறங்கிவிட்டன. ஆனால் நான் சிறுவனாக இருந்த காலம் வரை நீராவி முற்றாகப் போய்விடவில்லை. என் ஐயா பயர்மன், எஞ்சினில் நெருப்புப் போடுகிறவர். காங்கேசன்துறையில் சீமெந்து ஏற்றிக்கொண்டு வரும் சரக்குக் கோச்சிகளிலும் வேலை செய்தவர். எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள் சுன்னாகத்தில் வண்டி எதிர் வண்டிக்காக ஒதுங்கி நின்றது. அம்மா கொடுத்துவிட்ட சாப்பாட்டைக் கொண்டு போயிருந்தேன். ஐயா என்னை இரண்டு கக்கத்திலும் பிடித்துத் தூக்கி மேலே விட்டார். சட்டப்படி பிழை. இப்போது யாரும் அவர்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உள்ளே நெருப்பைத்தான் பார்த்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் பார்ப்பார்கள். ஐயா என் தாடையைப் பிடித்து முகத்தை மறுபக்கம் திருப்பினார். அங்கே பெருவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய் நின்றது. அதன் பின்னால் ஒரு தகட்டில் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்ந்த கோடுகள். குழாயின் மேல்பாதியில் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, கீழ்ப்பாதியில் மறுபக்கம். தண்ணீருக்குள் கோடு புரண்டு தெரியும், அது புரள்கிற இடம்தான் பொயிலரில் தண்ணீரின் மட்டம். "நெருப்பை எல்லோரும் பார்ப்பார்கள், நீ தண்ணீரைப் பார்" என்றார். தண்ணீர் இறங்கி நெருப்புப் பெட்டியின் கூரை வெளியே தெரிந்தால் அதில் இருக்கிற ஈய அடைப்பு உருகும். அதையும் தவறவிட்டால் ஆளும் இல்லை, எஞ்சினும் இல்லை. இதையெல்லாம் அன்று அவர் விளக்கவில்லை, பிறகு நானாகத் தேடிப் படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது அந்தக் கோடு புரண்டு நின்றது மட்டும்தான். பக்கத்தில் ஒரு பிடியைத் திருப்பினார், 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், கோடு புரளும் இடம் மெல்ல மேலே ஏறியது.

இதை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுவீர்கள்? தண்ணீர் ஏறி இறங்கினால்தான் காட்டலாம். அதற்கு நெருப்பு வேண்டும். நெருப்புக்கு ஆள் வேண்டும், ஆளுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு அது ஓட வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்.

இனிக் கருத்துப் பெட்டிக்கு வருவோம்.

"முதலில் யாழ்தேவியை நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்." இதை எழுதியவர்கள் முப்பதுக்கு மேல். தம்பிமாரே, யாழ்தேவி தாமதமாக வருவதற்கு நான் என்ன செய்தேன்? இந்த நாட்டில் எல்லாம் நேரத்துக்கு வந்த பிறகுதான் வேறு ஏதாவது செய்யலாம் என்றால் நாங்கள் திருவிழாக்கூட நடத்த முடியாது.

"புகை." ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை போய் ஒரு தடவை வருவது. எழுதியவரின் வீட்டு ஒழுங்கையில் தினமும் பின்னேரம் பொலித்தீன் எரிக்கிறார்கள். எனக்குத் தெரியும், நான் அந்த ஒழுங்கையால்தான் சைக்கிளில் போகிறேன்.

"வெள்ளைக்காரன் விட்டுப்போன எச்சம்." இதைச் சொன்னவர் முப்பத்துமூன்று பாகை வெயிலில் டை கட்டிக்கொண்டு மேடையில் இருந்தார். மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். பாதை போட்டவன் வெள்ளைக்காரன் என்றால், அதில் நெருப்புப் போட்டவன் யார்? 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் ஓடியது எங்கள் குடாநாட்டு வண்டி. கொழும்போடு பாதை முழுதாக இணைந்தது 1905இல்தான். அதாவது தலைநகரத்துக்குப் போகும் முன்னரே எங்களுக்குள் எங்கள் கோச்சி ஓடியது. இது யாருடைய எச்சம்?

"காசு." இதற்கு நான் கொஞ்சம் தடுமாறுவேன், ஒப்புக்கொள்கிறேன். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வரிசையில் நின்றவன் நானும்தான். எஞ்சினை எழுப்பச் செலவாகும், ஆண்டுதோறும் பராமரிக்க அதைவிடத் தலைவலி. ஆனால் எங்கள் நாட்டிலேயே 1986இல் வைஸ்ரோய் ஸ்பெஷல் என்று சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு நீராவி வண்டியை ஓட்டினார்கள், காசு கொடுத்து ஏற ஆட்கள் வந்தார்கள். இன்று நாகபட்டினத்தில் இருந்து கப்பல் வந்து இறங்குகிற இடம் எது? காங்கேசன்துறை. இறங்குகிறவனுக்கு முன்னால் முச்சக்கர வண்டி நிற்கிறது. வேறொன்றும் நிற்கலாம் என்றுதான் சொன்னேன். எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். கேத்தல் என்று சொன்னால் கணக்குப் பார்த்ததாக ஆகாது.

"செய்ய ஆள் இல்லை." இங்கே இல்லைதான். அக்கரையில் இருக்கிறார்கள். நீலகிரி மலைப் பாதையில் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை இன்றும் நீராவி எஞ்சின்தான் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. அந்தப் பாதைக்கு இந்த நூற்றாண்டில் புதிதாகவே நீராவி எஞ்சின்கள் செய்தார்கள், திருச்சி பொன்மலைப் பணிமனையில். தமிழில் பேசிக்கொண்டு, தமிழில் திட்டிக்கொண்டு கொதிகலன் செய்கிறவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். 1855இல் செய்த ஒரு எஞ்சினைச் சென்னைப் பெரம்பூரில் 2010இல் மறுபடியும் ஓட வைத்தார்கள். ஒரு நூற்றாண்டாகக் காட்சிப் பொருளாக நின்ற இரும்பு அது. அந்த எஞ்சின் ஓடும் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே இருக்கும் அகலமும் இங்குள்ள அகலமும் ஒன்றே, ஐந்தடி ஆறங்குலம். இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் சொன்னேன், வீடியோவில் இல்லை.

மகளிடம் போயிருந்தபோது இங்கிலாந்தில் புளூபெல் ரயில்பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூடிய பாதையை 1960இல் ஆர்வலர்களே எடுத்து ஓட்டத் தொடங்கி இன்றும் ஓட்டுகிறார்கள். பதினொரு மைல். கிட்டத்தட்ட எங்கள் யாழ்ப்பாணம் – காங்கேசன்துறைத் தூரம். வேகம் இருபத்தைந்து மைலுக்கு மேல் போகக் கூடாது என்று அங்கே கட்டுப்பாடு. ஒரு கிழவர் எண்ணெய்த் துணியால் பித்தளைக் குழாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவராம், சம்பளம் இல்லை, வாரத்தில் இரண்டு நாள் வருகிறாராம். என் ஐயா பயர்மன் என்றேன். எந்த எஞ்சின் என்று கேட்டார். எனக்கு இலக்கம் தெரியவில்லை. ஐயா வேலை செய்த எஞ்சினின் இலக்கம் எனக்குத் தெரியவில்லை! அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை, கையில் இருந்த துணியை மட்டும் என்னிடம் நீட்டினார். நானும் கொஞ்ச நேரம் துடைத்தேன். மகள் படம் எடுத்தாள். அந்தப் படத்தை இங்கே போட்டபோது நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி போட்டீர்கள், "அருமை ஐயா" என்று எழுதினீர்கள். இங்கிலாந்தில் துடைத்தால் அருமை, இணுவிலில் துடைத்தால் கேத்தல்.

ரயில் கடவைகளைப் பற்றி ஒருவர் மட்டும் நிதானமாக எழுதியிருந்தார். வடக்கில் காவலில்லாக் கடவைகளில் எத்தனை உயிர் போயிருக்கிறது, நீராவி எஞ்சினில் நீளமான பொயிலருக்குப் பின்னால் நிற்கிற ஓட்டுநருக்குப் பாதை சரியாகத் தெரியாதே என்று. அவர் சொல்வது சரி. கடவைக்குக் கடவை ஆள் நிற்க வேண்டும். நன்றி தம்பி. உமக்கு வந்த விருப்பக்குறி மூன்று.

ஆனால் உண்மையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அதை நூற்றறுபது கருத்துகளில் ஒருவரும் எழுதவில்லை. தண்ணீர்! எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய கிணறுகள். வீட்டுக் கேத்தலின் அடியை ஒரு மாதம் கழித்துப் பாருங்கள், வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். அதே ஓடு பொயிலர் குழாய்களில் கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாது, இரும்புதான் சுடும், குழாய் கெடும். தண்ணீரை மென்மையாக்கி ஊற்ற வேண்டும், அடிக்கடி பொயிலரைத் திறந்து கழுவ வேண்டும். காசைவிட, புகையைவிட, டை கட்டியவரைவிட இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பார்த்தீர்களா, கேத்தல் என்று சொன்னவர் தெரியாமலே சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். தொட்டுவிட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு கேள்வி கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருக்கலாம்.

எதிர்ப்பவர்களோடு எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் இந்தப் பதிவைத் தொடங்கினேன். அப்படி எழுத வரவில்லை.

1990 ஜூனில், போர் மூண்டபோது, கடைசி வண்டி போனது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எங்கே போயின என்று என் வயதுக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவற்றைக் கூரையாகப் போட்ட குழிகளில் பதுங்கி இருந்தவர்கள் நாங்கள். 2014 ஒக்ரோபரில் வண்டி மறுபடியும் வந்தபோது நான் நிலையத்தில் நின்றேன். எல்லாமே புதிது, நன்றாக இருந்தது, கைதட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழையது ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். ஐயாவின் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. கை விளக்கு, தொப்பி, ஒரு சிறிய சுத்தியல், இலக்கங்கள் எழுதிய கொப்பி ஒன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளினேன். பெட்டிக்கு இடம் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலையே இருக்கவில்லை, பெட்டி எங்கே இருக்கும்? எஞ்சினின் இலக்கம் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தக் கொப்பிதான்.

கேத்தலாம். அந்தக் கேத்தலின் சம்பளத்தில்தான் நாங்கள் ஐந்து பிள்ளைகள் படித்தோம்.

வீடியோவை வெட்டிப் போட்ட தம்பிக்கு: முழுவதும் உம்மிடம் இருக்கிறது, நீர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு எடுத்ததை நான் பார்த்தேன். முழுவதையும் போடும். அதில் கடின நீரைப் பற்றி மட்டும் நான் ஆறு நிமிடம் பேசியிருக்கிறேன், யாரும் சிரிக்கவில்லை, இரண்டு பேர் நித்திரை. பரவாயில்லை, போடும்.