பிளஸ் ஒன் புத்தகத்தை முதலில் புரட்ட விடுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று மத்தியானமே அக்கா போன் பண்ணினாள். மகளின் மார்க்கைச் சொன்ன கையோடு, "பிளஸ் ஒன்னுக்கு பயோ மேத்ஸ் குரூப்தான் போடப் போறோம், டாக்டரு இன்ஜினியரு ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும்ல" என்றாள். அந்தப் "போறோம்"தான் எனக்கு உறுத்தியது. படிக்கப் போவது ஒருத்தி. நாங்கள் யாரும் போய் ரெக்கார்ட் நோட்டில் படம் வரையப் போவதில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. இதே கதவுக் கதையை நம்பி, கணக்கும் உயிரியலும் சேர்ந்து வருகிற இந்த பயோ மேத்ஸை எடுத்தவன் நான். மொத்தம் 1200 மார்க், அதற்கு மேல் நுழைவுத் தேர்வு வேறு என்றிருந்த காலம். விலங்கியல் என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். என் ரெக்கார்ட் நோட்டில் பாதிப் படங்களை ராத்திரி உட்கார்ந்து வரைந்து கொடுத்ததே இந்த அக்காதான். அதை அவள் வசதியாக மறந்துவிட்டாள்.

சரி, அந்தக் கதவுக் கணக்கையே பார்ப்போம். நம் மாநிலத்தில் இன்ஜினியரிங் கட் ஆஃப் 200க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியலுக்கு அங்கே பூஜ்யம். நீட் 720க்கு: உயிரியல் 360, மற்ற இரண்டும் 180 வீதம். கணக்குக்கு அங்கே பூஜ்யம். ஆக எந்தக் கதவு வழியாகப் போனாலும், இரண்டு வருஷம் மாரடித்த ஒரு பாடம் வாசலிலேயே நின்றுவிடும். இரண்டுமே பிடிக்கும் என்கிற பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை, தாராளமாக எடுக்கட்டும். பெற்றோரின் பயத்துக்காக எடுப்பதைத்தான் சொல்கிறேன்.

குரூப் மாறினால் உண்மையிலேயே மூடுகிற கதவுகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. உயிரியல் இல்லாவிட்டால் மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் போன்றவை கஷ்டம். கணக்கு இல்லாவிட்டால் இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர், என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாக விமானப்படை, கடற்படை எல்லாம் போச்சு. டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்கக்கூட பிளஸ் டூவில் கணக்கு வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. மற்றபடி சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கு எந்த குரூப்பும் போதும், ஐந்து வருஷ சட்டப் படிப்புக்கும் அப்படித்தான், ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் சரி. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பதும் கட்டுக்கதை. பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைதான் படிப்பது நல்லதுதான், ஆனால் கட் ஆஃபில் அதற்கு ஒரு மார்க்கும் கிடையாது.

அப்புறம் இந்தப் பத்தாம் வகுப்பு மார்க். "சயின்ஸ்ல 96, அப்ப சயின்ஸ் குரூப்தான்" என்கிறார்கள். பத்தாவது அறிவியல் என்பது இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒரே தாளில் கலந்து கொடுத்த கூட்டாஞ்சோறு, அதிலும் 25 மார்க் செய்முறைக்கு. அந்த 96இல் எது பிள்ளை ருசித்தது, எது மனப்பாடம் செய்து விழுங்கியது என்று மார்க் ஷீட் சொல்லாது. சில பள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே போய், இத்தனை மார்க்குக்கு மேல் ஃபர்ஸ்ட் குரூப், கீழே வந்தால் காமர்ஸ், அதற்கும் கீழே தொழிற்கல்வி என்று ரேஷன் மாதிரி பிரித்துவிடுகின்றன. காமர்ஸை ஆறுதல் பரிசாகக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தொழிற்கல்வி எடுத்தவர்களுக்கும் இன்ஜினியரிங் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவாவது செய்கிறார்களா?

நான் அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஃபாரம் நிரப்ப ஒரு வாரம் பொறு. பக்கத்துத் தெருவில் பிளஸ் ஒன் முடித்த இரண்டு பிள்ளைகளிடம் பழைய புத்தகங்களை வாங்கினோம். கிடைக்காததை பாடநூல் கழகத்தின் புத்தகமாக நெட்டிலேயே இலவசமாக இறக்கிக்கொண்டோம். எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கி, "தினமும் ஏதாவது ஒண்ணை எடுத்துப் படி, புரியணும்னு அவசியம் இல்லை, கணக்கு இருந்தா ரெண்டு போட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னேன். யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று அக்காவிடம் சத்தியமே வாங்கினேன்.

இந்த வாரம் ஏன் முக்கியம் என்றால், பத்தாவதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருப்பது படி இல்லை, சுவர். இயற்பியல் புத்தகத்தை எடுங்கள். இரண்டாவது பாடம் இயக்கவியல். அதிலேயே வெக்டர், வகையிடல், தொகையிடல் எல்லாம் வந்துவிடும். கணக்குப் புத்தகத்திலோ அவையெல்லாம் இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. அதாவது ஆரம்பத்திலேயே இயற்பியல் வாத்தியார் போர்டில் எழுதுவதை, கணக்கு டீச்சர் பல மாதம் கழித்துத்தான் விளக்குவார். "கணக்கு பிடிக்காது, அதனால பியூர் சயின்ஸ்" என்று போகிற பிள்ளைக்கும் இதே இயற்பியல் புத்தகம்தான், அங்கே விளக்க கணக்கு டீச்சரும் இல்லை. இதை யாராவது முன்கூட்டிச் சொல்கிறார்களா?

மருமகள் என்ன செய்தாள் என்றால், என் ஊகத்தை முதலில் பொய்யாக்கினாள். வீட்டு வரவு செலவை நோட்டில் எழுதி வைக்கிறவள், கணக்குப்பதிவியல் பக்கம் போவாள் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் மூடி வைத்துவிட்டு, "மாமா, இதுல ஏன்னு கேக்க இடமே இல்லையே" என்றாள். அந்தப் பாடத்துக்கு அது நியாயமில்லாத தீர்ப்பு, சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இயற்பியலில் வெக்டர் கூட்டலில் மாட்டிக்கொண்டாள். பென்சிலால் முக்கோணம் போடுவாள், அழிப்பாள், திரும்பப் போடுவாள், அந்தப் பக்கமே அழுக்காகிவிட்டது. அடுத்த நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "கோணம் தொண்ணூறா இருந்தா அது பிதாகரஸ்தானே?" என்றாள். உயிரியல் புத்தகத்தை ஒவ்வொரு நாளும் அடுக்கின் அடியில் தள்ளிக்கொண்டே வந்தாள். ஆறாம் நாள்தான் கைக்கே வந்தது. எனக்கு வேறு பதில் வேண்டியிருக்கவில்லை. பிடித்த பாடம் எது என்று நேரடியாகக் கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவார்கள். தப்பு வந்த பிறகும் எதோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பள்ளி மாற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம். தெரிந்தவர் ஒருவர், நல்ல கோச்சிங் என்று நம்பி மகனை அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு பிளஸ் ஒன்னில் மாற்றினார். மருத்துவத்திலும் இன்ஜினியரிங்கிலும் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது, ஃபீஸ் கட்டி முடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் வருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் பன்னிரண்டு வரை படித்த பள்ளியைப் பார்ப்பார்கள். தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்குத் தாவுகிறவர்கள், அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சேர்க்கிற பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை உண்மையிலேயே நடத்துகிறார்களா என்று கேளுங்கள். முதல் வருஷமே பன்னிரண்டாவது பாடத்தை ஆரம்பிக்கிற வியாதி நிறைய இடங்களில் இருந்ததால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நிம்மதி, எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் பழைய வியாதி திரும்ப வரலாம். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் கணிசமாக வரும்.

கடைசியில் அவள் கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஃபாரத்தில் அவள் கையாலேயே எழுதினாள். அக்கா இரண்டு நாள் உம்மென்று இருந்தாள். "கவலைப்படாதே, இந்தத் தடவை நீ தவளை வரைய வேண்டாம்" என்றேன்.

"ஃபிசிக்ஸுக்கும் ரெக்கார்ட் உண்டுடா, கிராஃபெல்லாம் நீ வந்து போட்டுக் கொடு" என்றாள்.