என் கள்ளியைப் பென்சில் ஆக்கியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை செடிப் பரிமாற்றத்தில் நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் கொண்டுபோன பன்னிரண்டு தொட்டிகளிலும் ‘திருகுகள்ளி’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அத்தனையையும் அடித்துவிட்டு ‘பென்சில் காக்டஸ்’ என்று எழுதிவிட்டார்கள். கள்ளி என்றால் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்களாம். என் நல்லதுக்குத்தானாம்.

அது காக்டஸே இல்லை. காக்டஸ் அமெரிக்கக் கண்டத்துக் குடும்பம். இது ஆமணக்குக்குச் சொந்தம். கொச்சியில் டச்சுக்காரர் வான் ரீடு கேரளச் செடிகளைப் பற்றித் தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ நூலில் ஏறிய ‘திருகள்ளி’ என்ற பெயரை 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அப்படியே எடுத்து ‘யுபோர்பியா திருகள்ளி’ என்று வைத்தார். ஸ்வீடன்காரருக்குக் கூசாத பெயர் மதுரைக்காரர்களுக்குக் கூசுகிறது! அப்படியே கள்ளிக்குடி ரயில் நிலையத்திலும் ‘பென்சில்குடி’ என்று பலகை மாட்டிவிடுங்கள்.

“அது மலையாளப் பெயர்தானே?” இருக்கட்டும், கள்ளி இருவருக்கும் கள்ளிதான். “செடியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதானே?” மிளகாயும் கடல் தாண்டி வந்ததுதான். அதற்கு நாம் பெயர் வைக்கவில்லையா?

ஏழு வயதில், உசிலம்பட்டிப் பக்கம் அம்மாச்சி தோட்டத்து வேலியில் ஒரு குச்சியை ஒடித்தேன். பால் கண்ணில் தெறித்தது. மிளகாய்ப்பொடி கரைத்து ஊற்றியதுபோல் எரிச்சல். கைக்குழந்தை வைத்திருந்த சித்தி ஓடிவந்து தாய்ப்பாலைப் பீச்சிவிட்டார். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. கள்ளி என்று தெரிந்தும் ஏன் கை வைத்தாய் என்றுதான் அம்மாச்சி வைதார். எச்சரிக்கை அந்தப் பெயரிலேயே இருந்தது. பென்சில் என்று சொன்னால் எந்தக் குழந்தை கையை எடுக்கும்?

இதைச் சொன்னபோதுதான் ஓர் அம்மா சிரித்துக்கொண்டே, “உசிலம்பட்டியா? கள்ளிப்பால் உங்களுக்குப் பழக்கம்தானே!” என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் வீட்டில் மூன்றாவது பெண். பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் ஊற்றிக் கொன்ற அந்தக் கொடுமை நடக்கவே இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. செய்தது மனிதர்கள். வேலியில் நின்ற செடியின் பெயரை அழித்தால் அது கழுவப்பட்டுவிடுமா? ஊர்ப் பெயரைச் சொன்னதும் வரும் இந்தச் சிரிப்பைக் கல்லூரியில் பார்த்தேன், பெண் பார்க்க வந்தவர்களிடம் பார்த்தேன். செடி கொடுக்கப் போன இடத்திலும் பார்க்க வேண்டுமா?

தொட்டி எடுத்துப்போன பன்னிரண்டு பேருக்கும் ஒன்று. குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள் (தாய்ப்பாலெல்லாம் அந்தக் காலம்). என்ன பட்டது என்று கேட்பார். தயவுசெய்து பென்சில் என்று சொல்லிவிடாதீர்கள்.