மூடி எங்கே?

(சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம், அடுக்குமாடி வீடொன்றின் சமையலறை, டிசம்பர் ஞாயிறு பிற்பகல். இந்த ஊரில் நவம்பர் கடைசியிலேயே வீட்டுக்கு வீடு பிஸ்கட் வாசனை கிளம்பிவிடும். குவெட்ஸ்லி என்பார்கள், அதில் நடுவில் ஜாம் வைத்து இரண்டாய் ஒட்டுகிற வகைக்கு ஷ்பிட்ஸ்பூபன் என்று பெயர். நாதனுக்கு உணவகச் சமையலறையில் வேலை. பவானி பிள்ளையார் கதை விரதம், 21 நாளும் முட்டை மச்சம் கிடையாது. அதாவது பிஸ்கட் செய்யலாம், வாயில் வைக்க முடியாது. வினையே அதுதான்.)

நாதன்: என்னப்பா இது, ரொட்டிக்கா குழைக்கிறாய்? கையை எடு, கையை எடு!

பவானி: குழைக்காமல் எப்படிச் சேரும்? 350 கிராம் மா, 250 கிராம் பட்டர், 125 கிராம் ஐசிங் சீனி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, கொஞ்சம் வனிலாச் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. எழுதினவளுக்கு மறந்துபோயிருக்கும் என்று அரைக் கப் விடப் போனேன்.

நாதன்: விட்டாயா?

பவானி: நீங்கள் கத்தின கத்தில் கப் கீழே விழுந்துவிட்டது.

நாதன்: பிள்ளையார் காப்பாற்றினார். தண்ணீரை விட்டு இழுத்து இழுத்துக் குழைத்தால் மா சவ்வுப் பிடிக்கும், ரொட்டிக்கு அது நல்லது, இதற்கு ஆகாது. பட்டர் மாவைச் சுற்றிப் பூசிக்கொண்டு சவ்வுப் பிடிக்க விடாமல் தடுக்க வேணும், அப்பதான் பருத்தித்துறைத் தட்டை வடை மாதிரிக் கடித்தவுடன் நொறுங்கும். சேர்ந்து வந்தால் போதும், விட்டுவிடு.

பவானி: உங்களுக்கு அங்கே உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை என்றெல்லோ நினைத்தேன்.

நாதன்: உரித்துக்கொண்டே பக்கத்தில் பார்க்கக் கூடாதா? சரி, தட்டையாய்த் தட்டி ஃப்ரிட்ஜில் வை. ஒரு மணித்தியாலம்.

(ஒரு மணித்தியாலம் என்றது இரண்டரை ஆகிவிட்டது. நடுவில் பிள்ளையார் கதை படிப்பு, ஊரிலிருந்து ஒரு தொலைபேசி. மா கல்லாய் இறுகிவிட்டது. பவானி உருட்டுக்கட்டையால் அடிக்கிறாள்.)

நாதன்: ஐயோ, மெல்ல! ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடவே விடாத ஊர் இது. கீழ் வீட்டு அம்மா இப்ப மேலே வரப்போறா.

பவானி: அவவுக்குத்தானே இவ்வளவு பாடும்! போன வருசம் தட்டு நிறைய இதைத் தந்தவ. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கலாமோ? வடை வைத்துக் கொடுத்தேன். தட்டைக் கழுவி ஆப்பிள் கேக் வைத்து அனுப்பினா. நான் பயற்றம் பணியாரம் வைத்தேன். ஈஸ்டருக்குச் சொக்லேட் முயல் வந்தது. இப்ப தட்டு எங்களிடம் நிற்குது.

நாதன்: இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்ப முடியும்?

பவானி: யாராவது வீடு மாறினால்.

நாதன்: அதற்குத்தானா போன மாதம் புது வீடு பார்ப்போமா என்று கேட்டாய்?

பவானி: கதையை விட்டுவிட்டு வட்டம் வெட்டுங்கோ. கொஞ்சம் பெரிசாய் வெட்டுங்கோ, கஞ்சத்தனம் என்று நினைக்கப் போறா.

நாதன்: பெரிசாய் வெட்டினால் தூக்கும்போது உடையும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு, நான்கு ஐந்து சென்ரிமீற்றர் அகலம். பாதி முழு வட்டம், பாதிக்கு நடுவில் ஓட்டை. ஓட்டை போட்டது மூடி. இரண்டும் சரிக்குச் சரி வரவேணும்.

பவானி: ஓட்டையிலிருந்து வந்த துண்டுகள் எங்கே? இதில் குவித்து வைத்தேனே, திரும்ப உருட்ட.

நாதன்: அது கழிவு.

பவானி: பச்சை மாவையா விழுங்கினீர்கள்!

நாதன்: உனக்கு விரதம். உப்புச் சீனி சரியா என்று யாராவது பார்க்க வேணுமே. ம்... கொஞ்சம் ஏலக்காய் போட்டிருக்கலாம்.

பவானி: அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம். அவவின் பிஸ்கட்டை அவவின் முறையிலேயே செய்து அவவுக்கே கொடுக்க வேணும். அதுதான் மரியாதை.

நாதன்: அது மரியாதை இல்லையப்பா, சவால்.

(அவணில் 200 பாகை, ஆறு நிமிடம்.)

பவானி: இஞ்சருங்கோ, வெள்ளையாகவே இருக்கு. தொட்டால் மெத்தென்று போகுது. இன்னும் பத்து நிமிடம் விடுவோமா?

நாதன்: விட்டால் கரிதான். வெளியே எடு, ஆறினால் தானாய் இறுகும். தட்டை இங்கே வை, நான் காவல் இருக்கிறேன்.

(காவல் என்ற சொல்லைப் பவானி அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவளோ அடுப்பில் ஜெலியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். சிவந்த நிறம், நல்ல புளிப்பு, யோஹானிஸ்பேர் என்ற பழத்தில் செய்தது. இளக்கி ஊற்றினால்தான் ஆறும்போது இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.)

நாதன்: ஒரு விசயம் தெரியுமா? இதே மாதிரி ஒஸ்ரியாவில் லின்ஸர் என்று ஒன்று, மாவுக்குள் பாதாம் பருப்புத் தூள் எல்லாம் போடுவார்கள். அந்த லின்ஸர் கேக்கின் செய்முறை 1653ஆம் ஆண்டுக் கையெழுத்துப் புத்தகத்திலேயே இருக்காம்.

பவானி: அப்ப எங்கட யாழ்ப்பாணத்தில் யார் ஆட்சி?

நாதன்: போர்த்துக்கீசன்.

பவானி: அவன் பாணைத் தந்துவிட்டு ஜாமைத் தராமல் போய்விட்டான். சரி, மூடிகளில் ஐசிங் சீனி தூவுங்கோ. ஒட்டின பிறகு தூவினால் ஜெலி வெள்ளையாகிவிடும். நில்லுங்கோ... வாயைத் திறவுங்கோ.

நாதன்: ம்ம்ம்.

பவானி: கீழ்ப்பக்கம் 40 இருக்கு, மூடி 31தான் இருக்கு. மிச்சம் ஒன்பது எங்கே?

நாதன்: அவணில் சுருங்கியிருக்கும்.

பவானி: எண்ணிக்கையுமா சுருங்கும்? தின்றதுதான் தின்றீர்கள், கீழ்ப்பக்கத்தில் ஒன்று, மூடியில் ஒன்று என்று சமமாய்த் தின்றிருக்கக் கூடாதா?

நாதன்: ஓட்டை போட்டதால் மூடியில் மா குறைவு. கொழுப்புக்கு மாத்திரை போடுகிற எனக்கு அதுதான் நல்லது என்று...

(அழைப்பு மணி அடிக்கிறது.)

பவானி: வந்துவிட்டா! உருட்டுக்கட்டைச் சத்தத்துக்குத்தான். நீங்களே போங்கோ, உங்கட டொச்சு மொழி நல்லது. மன்னிப்புக் கேளுங்கோ. மீசையில் சீனி, துடையுங்கோ முதலில்!

(நாதன் போகிறார். கதவருகில் "டாங்கே, டாங்கே" என்று நன்றி சொல்லும் குரல் மட்டும் கேட்கிறது. திரும்பி வருகிறார், கையில் ஒரு தட்டு.)

பவானி: ஏசினாவோ?

நாதன்: இல்லை. ஃப்ரோஹே வைனாக்டன் என்று நத்தார் வாழ்த்துச் சொல்லிவிட்டு இதைத் தந்துவிட்டுப் போறா. அதே ஜாம் பிஸ்கட், நாலு வகை வேறு பிஸ்கட்டும் இருக்கு.

பவானி: இன்னொரு தட்டா? பழைய தட்டே இன்னும் போகவில்லையே! ...எப்படி இருக்கு அவவின்ர?

நாதன்: உண்மையைச் சொல்லவா?

பவானி: வேண்டாம். உளுந்தை ஊறப்போடுங்கோ.