280 ஓட்டு

2022 அக்டோபர் கடைசி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சாண்ட்லரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தபாலில் வந்த ஓட்டுச்சீட்டை விரித்து வைத்திருந்தேன். குடியுரிமை வாங்கியபின் நான் போடப்போகும் முதல் மாநிலத் தேர்தல் ஓட்டு. மதுரையிலிருந்து அப்பா வீடியோ காலில் இருந்தார். மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "யார் யாருக்குப்பா ஓட்டு?" என்றார். செனட்டர், கவர்னர் என்று வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தேன். அட்டர்னி ஜெனரல் என்றதும் நிறுத்தினார்.

"அரசாங்க வக்கீலுக்குமா ஓட்டுப் போடுறீங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் அட்வகேட் ஜெனரலை அமைச்சரவை சொல்லி ஆளுநர் நியமிக்கிறார். ஆட்சி மாறினால் அவரும் மூட்டை கட்டுவார். அமெரிக்காவில் 43 மாநிலங்களில் அந்த நாற்காலிக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். அரிசோனா அதில் ஒன்று.

அந்த வருடம் இரண்டு பேர் நின்றார்கள். ஜனநாயகக் கட்சியில் கிரிஸ் மேயஸ். ஒரு காலத்தில் பத்திரிகையாளர், குடியரசுக் கட்சிக்காரராக இருந்து 2019இல் கட்சி மாறியவர். எதிரே குடியரசுக் கட்சியின் ஏப் ஹமாதே. சிரியாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை, மாரிகோபா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) அரசு வழக்கறிஞராக இருந்தவர். பதிவான ஓட்டு 25 லட்சம். முதல் எண்ணிக்கையில் மேயஸ் 511 ஓட்டு முன்னால். வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்ததால் சட்டப்படி மறு எண்ணிக்கை நடந்தது. பினால் கவுண்டியில் முதலில் விடுபட்டிருந்த சில நூறு ஓட்டுகள் கணக்கில் வந்தன. டிசம்பர் 29ஆம் தேதி நீதிபதி முடிவை அறிவித்தபோது மிஞ்சிய வித்தியாசம் 280.

என்னைத் தூங்க விடாதது இன்னொரு எண். கவர்னர் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களில் கிட்டத்தட்ட 50,000 பேரின் ஓட்டு அட்டர்னி ஜெனரல் வரியில் இல்லை. நானும் அன்று கிட்டத்தட்ட அதைத்தான் செய்யப்போனேன். இரண்டு பேரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது, தெரியாமல் ஏன் போட வேண்டும் என்று பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுபோனேன். அப்பா கேட்ட கேள்விதான் என்னை நிறுத்தி, உட்கார்ந்து படிக்க வைத்தது.

அந்த 280 என்ன செய்தது என்று பாருங்கள்.

2024 ஏப்ரலில் அரிசோனா உச்ச நீதிமன்றம், 1864ஆம் ஆண்டின் கருக்கலைப்புத் தடைச் சட்டம் செல்லும் என்று 4-2 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அரிசோனா மாநிலமாக ஆனதே 1912இல்தான். தாயின் உயிரைக் காப்பாற்ற என்பதைத் தவிர வேறு விலக்கே இல்லாத சட்டம். செய்பவருக்கு 2 முதல் 5 வருடம் சிறை. நான் இருக்கும்வரை இந்தச் சட்டத்தில் எந்தப் பெண்மீதும் மருத்துவர்மீதும் வழக்குப் போடமாட்டேன் என்று மேயஸ் அன்றே சொன்னார். மே 2ஆம் தேதி கவர்னர் ரத்து மசோதாவில் கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்த ரத்து நடைமுறைக்கு வந்தது செப்டம்பரில்தான். அதற்குள் பழைய சட்டம் அமலுக்கு வந்துவிடாதபடி நீதிமன்றத்தில் அவகாசம் கேட்டு வாங்கியவரும் மேயஸ்தான்.

அடுத்தது நம் ஆட்களின் வயிற்றில் புளியைக் கரைத்த விஷயம். 2025 ஜனவரி 20ஆம் தேதி, பிறப்பால் வரும் குடியுரிமையைக் குறுக்கி அதிபர் ஆணை போட்டார். அதன்படி எச்1பி விசாவில் இருக்கும் தம்பதிக்கு இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது. அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பிரசவ தேதி நெருங்கிய பெண்கள் கேட்ட கேள்விகளைப் படிக்கவே முடியவில்லை. மறுநாளே நான்கு மாநிலங்கள் சியாட்டில் நீதிமன்றத்துக்குப் போயின. வாஷிங்டன், ஓரிகன், இல்லினாய், அரிசோனா. 23ஆம் தேதி நீதிபதி ஆணையை நிறுத்திவைத்தார். நம் மாநிலத்தின் பெயர் அந்த மனுவில் இருந்ததற்குக் காரணம், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதுதான். செனட்டர் அந்த மனுவில் கையெழுத்துப் போட முடியாது. அட்டர்னி ஜெனரல் போட முடியும்.

தண்ணீர் விஷயம் இன்னும் ஆழமானது. மேற்கே லா பாஸ் கவுண்டியில் ஒரு சவுதி நிறுவனத்தின் கிளை குதிரைமசால் பயிரிட்டு, தன் நாட்டு மாடுகளுக்குக் கப்பலில் அனுப்புகிறது. பாலைவனத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சி வளர்க்கும் தீவனம். சுற்றியிருப்பவர்களின் கிணறுகள் வற்றுகின்றன. அரிசோனாவின் கிராமப்புறத்தில் பெரும்பாலான இடங்களில் எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கு வரம்பே கிடையாது. சட்டமன்றம் அப்படி ஒரு வரம்பு வைக்கவில்லை. 2024 டிசம்பரில் மேயஸ், இது பொதுத்தொல்லை, அதாவது ஊருக்கே கேடு, என்று சொல்லி அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்.

இதை அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நம்ம சிவில் நடைமுறைச் சட்டத்துலயும் இருக்குப்பா. 91ஆம் பிரிவு. பொதுத்தொல்லைக்கு அட்வகேட் ஜெனரல் வழக்குப் போடலாம். என் சர்வீஸ்ல அப்படி ஒரு பிராதுகூட நான் நம்பர் போட்டதில்ல" என்றார்.

ஒரு மனிதரின் அனுபவத்தை வைத்து ஒரு நாட்டின் முறையையே எடைபோட முடியாதுதான். ஆனாலும் அவர் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. யார் நியமித்தாரோ அவர் முகத்தைப் பார்த்து வேலை செய்வதுதான் மனித இயல்பு. இங்கே நியமிப்பது நாம்.

இந்த முறையில் எனக்குச் சங்கடமும் உண்டு. வழக்குப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர் கட்சிச் சின்னத்தோடு நின்று, நன்கொடை வாங்கி, அடுத்து கவர்னர் பதவிமேல் கண் வைப்பது ஆபத்தானது. இதே அலுவலகத்தில் இருந்த ஜேனட் நேப்போலிடானோ பிறகு கவர்னரானார். எதை விசாரிப்பது, எதை விடுவது என்பதில் ஓட்டுக் கணக்கு புகுந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், இந்த வரியில் ஓட்டுப் போடாமல் விடுவது நடுநிலை ஆகாது. நாம் ஒதுங்கினால் அந்தக் கணக்கில் நம் வீட்டுப் பிரச்சினைகளுக்கு இடமே இருக்காது. மேயஸ் பிடிக்காதவர்கள் எதிராகப் போடுங்கள், அதில் எனக்கு வருத்தமே இல்லை. வெற்றிடமாக விடாதீர்கள்.

2026 நவம்பரில் இந்தப் பதவிக்கு மறுபடி தேர்தல். சிட்டிசன் ஆனவர்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கிரீன் கார்டில் இருப்பவர்கள் தயவுசெய்து பதிவே செய்யாதீர்கள். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தில் குடிமகனா என்று கேட்கும் கட்டத்தை அவசரத்தில் டிக் செய்தால் பின்னால் நாடுகடத்தல்வரை இழுக்கும்.

சீட்டு தபாலில் வந்ததும் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு வரியும் என்ன பதவி, அதற்கு என்ன அதிகாரம் என்று சேர்ந்து படிப்போம். உறையை மட்டும் நீங்களே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்; குடும்பத்தாரோ, ஒரே வீட்டில் இருப்பவரோ, பராமரிப்பவரோ அல்லாத இன்னொருவர் வாங்கிப்போய்ப் போடுவது இங்கே குற்றம். காபி என் பொறுப்பு. அப்பாவும் வீடியோவில் இருப்பார், அவரிடம் 91ஆம் பிரிவைப் பற்றிக் கேளுங்கள்.