மணற்பாறையில் பெயர் எதற்கு?

சிகாகோவிலிருந்து காலையில் கிளம்பி, இல்லினாய் ஆற்றங்கரையிலுள்ள ஸ்டார்வ்டு ராக் மாநிலப் பூங்காவை அடைந்து, பிரெஞ்ச் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்கின் ஈரச் சுவர்களுக்கு நடுவே நிற்கும்போது, என் கண்ணை முதலில் உறுத்துவது பாறையில் சுரண்டப்பட்ட பெயர்களும் இதயக் குறிகளும்தாம்.

அது செயின்ட் பீட்டர் மணற்பாறை. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலோரத்தில் படிந்த அந்தக் குவார்ட்ஸ் மணலின் துகள்களுக்கிடையே பிணைப்பு மிக மெலிது என்பதால், ஒரு சாவியோ நாணயமோ போதும், தடம் ஆழமாகப் பதிந்துவிடும். அந்த மென்மையால்தான் நீர் அதை அரித்து இந்தப் பள்ளத்தாக்குகளையே உருவாக்க முடிந்தது.

சென்ற அக்டோபரில் ஒரு தந்தை தம் சிறு மகனிடம் சாவியைக் கொடுத்து எழுதச் சொன்னதைக் கண்டு, வேண்டாமென்று பணிவாகத்தான் கேட்டேன். எல்லாரும் எழுதியிருக்கிறார்களே என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாதை விதிகளைப் படிக்கச் சில நிமிடங்கள் ஒதுக்காதவர்கள், 1911 முதல் மாநிலப் பூங்காவாகக் காக்கப்படும் இடத்தில் இப்படி நடந்துகொள்வதை என்னால் பொறுக்க இயலவில்லை. எழுதியதை அழிக்க வேண்டுமென்றால், சுற்றியுள்ள பாறையையும் சேர்த்தே தேய்த்தெடுக்க வேண்டும்.