குதிரை 'நான்' என்று பேசினால் என்ன?

ஒரு குதிரையே தன் கதையைச் சொல்கிற 'பிளாக் பியூட்டி' என்கிற ஆங்கில நாவலைப் பற்றிப் பேச்செடுத்தாலே, குதிரை எங்கேயாவது சுயசரிதை சொல்லுமா என்று சிரிக்க நாலு பேர் வந்துவிடுகிறார்கள். பஞ்சதந்திரத்தில் நரி ராஜதந்திரம் பேசினால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. என்னைக் கேட்டால் அந்த 'நான்'தான் புத்தகமே. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, பிராணிகளிடம் அன்பாக இருங்கள் என்கிற துண்டு நோட்டீஸ்.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை பார்த்திருப்பீர்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், காலைத் தடவுவார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், அப்புறம்தான் விலை. நாவலிலும் ஒரு சந்தை வருகிறது, அங்கேயும் இதே பல், கண், கால். ஆனால் சொல்வது குதிரை என்பதால், வாங்க வந்தவர்களை அது சோதிக்கிறது! ஒருவன் தொட்ட விதத்திலேயே குதிரை பழகிய கை என்று தெரிந்துவிடுகிறது, அவன்மேல் பீர் வாடையும் இல்லை புகையிலை வாடையும் இல்லை, வைக்கோல் பரணிலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி வாசம், இவன் வாங்கினால் தேவலை என்று நினைக்கிறது. வெளியே நின்று சொல்கிற ஆசிரியராக இருந்தால், அதை வாங்கப்போகிற அந்த வண்டிக்காரரைப் பற்றி 'ஜெர்ரி நல்லவர்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

தலையைத் தாழ்த்த விடாமல் இழுத்துக் கட்டும் வார் பற்றிய பகுதியும் அப்படித்தான். மேட்டில் பாரம் இழுக்கிற மாடு தலையைத் தாழ்த்தித்தான் இழுக்கும், காங்கேயம் பக்கம் வண்டி ஓட்டியவர்கள் யாரும் சொல்வார்கள். சீமாட்டியின் அழகுக்காகத் தலையைத் தூக்கிக் கட்டிய குதிரைக்கு மேடேறும்போது முதுகும் காலும் என்ன பாடுபடும் என்பதை அதுதானே சொல்ல வேண்டும்?

குறையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, குடி, தேர்தல் என்று மனிதர்கள் பேசுவதையெல்லாம் குதிரை ஒட்டுக்கேட்டு ஒப்பிக்கிற இடங்களில் நாவலை எழுதிய அன்னா சூவெல் அம்மையார் உள்ளே புகுந்துவிடுகிறார். 1877-இல் வெளிவந்த இதை அவர் குழந்தைகளுக்கென்று எழுதவில்லை, குதிரைகளோடு வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதினார், சரி, அதனால் வந்த பிரசங்கம்.

ஆனால் கதை சொல்லும் பியூட்டியோடு முன்பு ஒரே லாயத்தில் இருந்த குதிரை ஜிஞ்சரின் முடிவு! செத்த குதிரையொன்று வண்டியில் போகிறது, அதே நிறம், கழுத்தும் அதே மாதிரி. அது ஜிஞ்சர்தான் என்று பியூட்டி நம்புகிறது, அதுவாகவே இருக்கட்டும், பாடு தீர்ந்ததே என்றும் நினைக்கிறது. உறுதியாகத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்கும்? எல்லாம் தெரிந்த கதைசொல்லிக்கு இந்த இடம் வாய்த்திருக்காது.

பிள்ளைகளுக்காகச் சுருக்கி எழுதுகிறவர்கள் பிரசங்கத்தைத் தாராளமாக வெட்டுங்கள். 'நான்' மேல் மட்டும் கை வைக்காதீர்கள், சாமி.